பெண்கள் பக்கத்துக் கசெட்

ஒன்றுமே தெரியாத டீவியைக் கதிரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஆமினா உம்மா. திரை முழுக்கக் கறுப்பு. படமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. தேநீர் கொண்டுவந்த நஜ்முன் நிஸா குறுக்கே வந்தபோது கையால் விலக்கி, "மறைக்காத புள்ள" என்றாள்.

நிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஜமாலியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கத்தைப் படம் பிடிக்கத் திருகோணமலை டவுனில் ஸ்டூடியோக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பெண்கள் பக்கத்துக்கு நிஸா ஒருத்திதான். படம் பிடிப்பது மட்டுமென்றால் வீட்டுக் குமர்ப்பிள்ளை ஒருத்தி கமராவைத் தூக்கினாலும் காரியம் முடிந்துவிடும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். கசெட்டைச் சீடியாக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களில் கட்டாரில் இருக்கும் காக்காவுக்கு ஒன்று, லண்டனில் இருக்கும் ராத்தாவுக்கு ஒன்று என்று அனுப்ப வேண்டும். சீடியாக்குகிறவர் கசெட்டை ஓடவிட்டு முழுவதையும் உட்கார்ந்து பார்த்தே தீரவேண்டும். முக்காடு இல்லாமல், பூவும் நகையுமாக, ஒருத்தியை ஒருத்தி நக்கலடித்துக்கொண்டிருக்கும் பெண்களை அன்னிய ஆண் ஒருவன் பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதா? அதனால்தான் கட்டாரிலிருந்து புருஷன் ஸெய்னுதீன் அனுப்பிய கமராவும் கம்பியூட்டரும் நிஸாவுக்குத் தொழிலாகிப்போயின.

தொழிலுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். சீடிகளை வீட்டாரின் கையில் கொடுத்ததும் கம்பியூட்டரில் இருப்பதை அழித்துவிடுவாள். பிறகு கமராவின் கண்ணுக்கு மூடியைப் போட்டுவிட்டு, அதே கசெட்டில் முதலிலிருந்து கடைசிவரை திரும்பப் பதிவு செய்வாள். பெண்கள் இருந்த இடமெல்லாம் இருட்டாகிவிடும். கசெட் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அதை அழித்துவிட்டேன் என்று நிஸா சொன்னால் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆமினா உம்மா மட்டும் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ன நம்பாம இல்ல புள்ள. கண்ணால கண்டாத்தான் கல்புக்கு நிம்மதி" என்றாள்.

மகள் பரீனாவின் கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இருட்டைப் பார்த்துக்கொண்டே உம்மா கல்யாணச் சோற்றைப் பற்றிக் குறைபட்டாள். இறைச்சி வேகவில்லையாம். சமையல்காரன் நெய்யைக் கண்ணில் காட்டவேயில்லையாம். நிஸா ஓம் கொட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டல் இல்லை, அது அடி.

வெளியே குணேஸ்வரி நின்றாள். கப்பல்துறை யோகலிங்கத்தின் பெண்சாதி. யோகலிங்கம் ஜெனரேட்டரும் லைட்டும் வாடகைக்குக் கட்டுகிறவன். கோயில் திருவிழாவென்றாலும் அவன்தான், முஸ்லிம்களின் கல்யாண வீடென்றாலும் அவன்தான். பரீனாவின் கல்யாணத்துக்கும் அவன்தான் லைட் கட்டினான்.

"நிஸா அக்கா, இவரைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள்" என்றாள் குணேஸ்வரி. நாலு நாளாய்த் தலை வாராத கோலம். "எந்த முகாமெண்டு தெரியாம ஒவ்வொண்டாப் போய் விசாரிச்சு, நேற்றுத்தான் கண்டுபிடிச்சனான். துறைமுகப் பக்கம் இருக்கிற பொலிஸில."

சமாதான உடன்படிக்கை கடதாசியில் மட்டும் உயிரோடிருந்த காலம் அது. கல்யாணத்தன்று பின்னேரம் கண்டி வீதியில் நேவி ட்ரக் ஒன்றுக்குக் கிளைமோர்க் குண்டு வைத்துவிட்டார்கள். டவுன் முழுக்கக் கேட்ட சத்தம். அதற்குப் பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்த யோகலிங்கத்தைச் சோதனைச் சாவடியில் இறக்கியிருக்கிறார்கள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவனுடைய பையில் வயர் இருந்தது, பற்றரி இருந்தது, குறடு இருந்தது, சுவிச் இருந்தது. கல்யாண வீட்டில் அதற்குப் பெயர் லைட் சாமான். சாவடியில் அதற்கு வேறு பெயர்.

"கல்யாண வீட்டில நிண்டனான் எண்டு இவர் சொல்லியிருக்கிறார். அவங்கள் வந்து விசாரிச்சவங்களாம். குண்டு வெடிக்கேக்க ஆளை அங்க காணேல்ல எண்டு உங்கட ஆக்களே சொல்லிப்போட்டினமாம்."

உம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "எங்கட ஆக்களா? ஆர்?"

"முஹம்மது தம்பி எண்டு ஒருத்தர்."

முஹம்மது தம்பி உம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாண வீட்டில் ஆண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது அவர்தான். பொலிஸ் வந்துபோனதைப் பெண்களின் காதில் போடாமல் மறைத்தும் இருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் பண்ணியது நிஸா.



நடந்தது இதுதான். பெண்கள் பக்கத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது லைட் அணைந்துவிட்டது. உள்ளறையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பரீனாவுக்கு நகை பூட்டும் நேரம் வேறு. நிஸா கமராவை முக்காலியில் ஓடவிட்டபடியே பின்வாசலால் போய் யோகலிங்கத்தைக் கூப்பிட்டாள். ஆண் ஒருவன் உள்ளே வருவதாவது என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். அவனே ஒரு வழி சொன்னான். தோளில் கிடந்த துவாயைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். அன்னிய ஆணின் கையைப் பிடிக்கக் கூடாதென்று நிஸா ஒரு குடையின் பிடியை நீட்டினாள். குடையைப் பிடித்துக்கொண்டு குருடன்போல் உள்ளே வந்து, துவாய்க்குள்ளிருந்தே தடவித் தடவி லைட்டைத் திருத்திவிட்டுப் போனான். அதற்குப் பிறகு, லைட்டைத் திருத்தியது யார் என்று முஹம்மது தம்பி வாசலில் நின்று கேட்டபோது, நிஸா பெருமையாக, "நான்தான் காக்கா, எனக்கு இதெல்லாம் தெரியும்" என்று சொல்லிவைத்தாள். பெண்களும் சிரித்துக்கொண்டே ஓம் ஓம் என்றார்கள். ஆண் ஒருவன் உள்ளே வந்துபோனது ஆண்களின் காதுக்கு எட்டினால் எதற்கு ஒரு வம்பு? நுணலும் தன் வாயால் கெடும். நிஸா தன் வாயால் இன்னொருவனைக் கெடுத்துவிட்டாள்.

"இண்டைக்குப் பின்னேரம் கொழும்புக்கு ஏத்தப்போறாங்களாம் அக்கா" என்றாள் குணேஸ்வரி.

 கொழும்புக்கு ஏற்றப்பட்ட எத்தனையோ பேரின் வீட்டார் இன்றைக்கும் சிறைக்குச் சிறை அலைந்துகொண்டிருந்தார்கள்.

"யன்னலுக்குள்ளால ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னவர். நிஸா அக்காட வீடியோவில நான் இருப்பன் எண்டு."

நிஸா டீவியைப் பார்த்தாள். கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஓடிய ஒவ்வொரு அங்குலத்துக்கும் கசெட்டில் ஏதோ ஒன்று இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "யா அல்லாஹ்" என்று பாய்ந்து கமராவை நிறுத்தினாள்.

"ஏன் நிப்பாட்டின?" என்று உம்மா கேட்டாள்.

சீடி எதற்கும் உதவாது. கல்யாணச் சீடியில் குண்டுச் சத்தம் முசீபத்து, கெட்ட சகுனம் என்று அந்தத் துண்டை அவளே வெட்டி எறிந்திருந்தாள். துவாய்க்காரனையும் வெட்டியிருந்தாள். பழைய சத்தத்தை எடுத்துவிட்டு முழுவதற்கும் பாட்டுப் போட்டிருந்தாள். கம்பியூட்டரில் இருந்ததும் நேற்றே அழிந்துவிட்டது. மிஞ்சியது இந்தக் கசெட்தான். அதிலும் எவ்வளவு மிஞ்சியது என்று தெரியவில்லை.

பின்னால் ஓட்டிப் போட்டாள். கறுப்பு. இன்னும் கறுப்பு.  பட்டென்று திரை வெளுத்து, குரவைச் சத்தம் அறையை நிறைத்தது. பரீனாவின் தோழிகள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டுக்கொண்டிருந்தார்கள். லைட் இன்னும் அணையவில்லை. தேடியது அதற்குப் பிறகுதான் வரவேண்டும். ஆமினா உம்மா இன்னும் ஒரு தேநீர் குடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

படம் இருண்டது. பெண்களின் கூச்சல். பின்வாசல் வெளிச்சத்தில் குடை தெரிந்தது. குடைக்குப் பின்னால் துவாய். "இவர்தான், இவர்தான்" என்று குணேஸ்வரி திரையைத் தொட்டாள். ஆனால் துவாய்க்குள் இருப்பது யாரென்று யார் சொல்வது? துவாய்க்கு ஏது முகம்.  லைட் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பரீனா கமராவுக்கு நேரே, முக்காடில்லாமல், கூந்தல் நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் துவாய் நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம். படம் துள்ளியது. காப்புகள் கலகலத்தன. ஒருத்தி அலறினாள். திடுக்கிட்டு நிமிர்ந்த யோகலிங்கத்தின் தலையிலிருந்து துவாய் நழுவியது. அவனுடைய முகம் முழுசாகத் தெரிந்தது, வாய் பிளந்தபடி. உடனே எங்கிருந்தோ ஆமினா உம்மாவின் குரல், கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி: "யோகா, தலைய மூடு!"

அவன் மூடிக்கொண்டான். ஊரே அதிர்ந்துகொண்டிருந்தபோது அவன் துவாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

குணேஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள். உம்மா திரையைப் பார்க்காமல் எழுந்து நின்றாள்.

"இத எப்பிடிப் பொலிஸில காட்டுற?" என்றாள் உம்மா. "அந்தப் பொடியன்ட மூஞ்சி தெரியிற இடத்தில எங்கட புள்ள இரிக்கிறாள். புதுசா வந்த மருமகன், இன்னும் அவளச் சரியாப் பார்த்துப் பேசவுமில்ல. அதுக்குள்ள பொலிஸ்காரன் எல்லாம் பார்க்கிறதா?"

"உம்மா, ஒரு உசிரு."

"எனக்குத் தெரியாதா உசிரு எண்டு? உன்னட்ட நான் அமானிதமாத் தந்தது. நீ அழிக்கிறன் எண்டு செல்லித்தான் வாங்கின."

வாதாட நேரமில்லை. அந்தத் துண்டை மட்டும் ஒரு சீடியில் எடுத்து, பரீனாவின் முகத்தை மறைத்துக் கொண்டுபோகலாம் என்றாள் நிஸா. உம்மா அரைமனதோடு தலையாட்டினாள். நிஸா அவசர அவசரமாக வேலையை முடித்தாள். முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாய்க் கலங்கலாக்கி, பக்கத்திலிருந்த மற்றப் பெண்களின் முகங்களையும் கலங்கலாக்கினாள். யோகலிங்கத்தின் முகம் ஒன்றுதான் தெளிவாக நின்றது. சீடி வெளியே வந்ததும் உம்மா கசெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது என்னோட போகட்டும்" என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

நிஸாவும் குணேஸ்வரியும் போன பொலிஸ் நிலையம் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. வெளியே மண்மூட்டைகள், உள்ளே காத்திருக்கும் சனம். நிஸாவின் வாப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அவருடைய குவாட்டர்ஸில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் உள்ளே போகும்வரை பயம் தெரியவில்லை. உள்ளே போனதும் தெரிந்தது.

பொறுப்பதிகாரி கம்பியூட்டரில் சீடியைப் போட்டுப் பார்த்தார். ஒருதரம் பார்த்தார். பிறகு நிஸாவைப் பார்த்தார்.

"இந்தக் கட்டங்களைப் போட்டது யார்?"

"நான்தான் சேர். எங்கட பெண்கள்..."

"முகத்தை மறைக்கத் தெரிந்தவளுக்கு முகத்தை ஒட்டவும் தெரியும். சத்தத்தையும் போடத் தெரியும்." அவருடைய குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. "பெண்கள் பக்கத்துக்கு ஆண் யாரும் போகவில்லை, லைட்டைத் திருத்தியது ஒரு பெண் என்று உங்கள் ஆளே கையெழுத்து வைத்திருக்கிறார். அந்தப் பெண் யார்?"

"நான் சேர்."

"அன்றைக்குப் பொய் சொன்னாயா, இன்றைக்குப் பொய் சொல்கிறாயா?"

"அன்றைக்கு" என்றாள் நிஸா.  "ஆண் உள்ளே வந்தது வெட்கக்கேடு என்று சொன்ன பொய் சேர். அதனால் ஒருவனுடைய உயிர் போகுமென்று நினைக்கவில்லை."

அவர் சீடியை மேசையில் தள்ளிவிட்டார். "வெட்டாத கசெட்டைக் கொண்டு வா. வண்டி புறப்படுவதற்குள் வந்தால் பார்க்கிறேன். புறப்பட்டால் என் கையில் ஒன்றுமில்லை."

முற்றத்தில் அந்த வண்டி ஏற்கனவே நின்றது. சாரதி ரயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குணேஸ்வரி நிஸாவோடு ஓட்டோவில் ஏறினாள். நிஸாவைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டோக்காரனைக் கெதியாய், கெதியாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆமினா உம்மா வீட்டுச் சுவரில் இன்னும் கல்யாணத்து வர்ணக் கடதாசி தொங்கியது. நிஸா விஷயத்தைச் சொன்னாள். தான் சொன்ன பொய்யிலிருந்து பொறுப்பதிகாரி கேட்ட கேள்வி வரைக்கும் ஒளிக்காமல் சொன்னாள். உம்மா அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டாள். கசெட் அதற்குள்ளே இருந்தது.

"ஏலாது புள்ள" என்றாள். "கட்டம் போட்டதக் கொண்டுபோ. வேற எதயும் கொண்டுபோ. இது ஏலாது."

"கட்டம் போட்டா நம்பமாட்டாங்க உம்மா."

"அப்ப நான் என்ன செய்ய? எங்கட பொண்டுகளச் சந்திக்குச் சந்தி காட்டச் செல்றியா?"

குணேஸ்வரி வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குள் வரவுமில்லை, கெஞ்சவுமில்லை. வீதியையே பார்த்தாள், அந்த வண்டி இந்த வழியால் போகப்போகிறது என்பதுபோல. உம்மாவும் அவளைப் பார்த்தாள், பிறகு பார்வையை வேறெங்கோ திருப்பினாள். உம்மாவின் மனசு கல்லில்லை. கல்லாயிருந்தால் அவளுக்குச் சுகமாயிருந்திருக்கும்.

உள்ளேயிருந்து பரீனா வந்தாள். கல்யாணப் பெண் என்று யாரும் அவளை வேலை செய்ய விடவில்லை. அதனால் எல்லாக் கதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தாயைத் தாண்டிக் கையை நீட்டி அலுமாரியைத் திறந்து, கசெட்டை எடுத்தாள்.

"உம்மா, என்ட மூஞ்ச நாலு பேர் பார்த்தா எனக்கு ஒண்டும் குறைஞ்சு போகாது" என்றாள். "அந்த மனிசன் செத்தா இந்தக் கல்யாணம் எனக்கு ஆயுசுக்கும் கசக்கும்."

"மாப்பிள கேட்டா?"

"நான் செல்லிக்கொள்றன். நீங்களே கொண்டுபோங்க. நீங்க பக்கத்தில நிண்டா அவங்க கண்டபடி பார்க்கமாட்டாங்க."

 கசெட்டைத் தாயின் கையில் வைத்து, அந்த விரல்களைத் தானே மடக்கிவிட்டாள். உம்மா கறுப்பு ஹபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊசி குத்தக்கூட நிற்கவில்லை. வழியில் நிஸா தன் வீட்டில் இறங்கிக் கமராப் பையையும் எடுத்துக்கொண்டாள்.

வண்டி புறப்படவில்லை. ஆனால் யோகலிங்கத்தை வெளியே கொண்டுவந்து முற்றத்தில் குந்த வைத்திருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. குணேஸ்வரியைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், பக்கத்தில் நின்றவன் தோளை அழுத்தினான்.

சாதாரண டீவி இந்தச் சின்னக் கசெட்டை விழுங்காது. கமராவை வயரால் டீவியோடு கொழுவித்தான் ஓட்டவேண்டும். நிஸா கொழுவினாள். அவசரத்தில் வயரை இரண்டுதரம் மாறிக் குத்தினாள். அறைக்குள் பொறுப்பதிகாரி. அவருக்குப் பின்னால் பொலிஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள். கல்யாண வீடியோ என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை.

"முதலிலிருந்து போடு" என்றார் பொறுப்பதிகாரி.

முதலிலிருந்து கறுப்பு. அவர் புருவத்தை உயர்த்தினார். "எதை அழித்தாய்?"

 தன்னுடைய தொழில் சட்டத்தை நிஸா சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய்யாய்ப்பட்டது. மூடி போட்டுப் பதிந்தேன், அமானிதம், பெண்கள் என்று உளறினாள். சாதாரண நாளிலேயே சொன்னால் நம்பமாட்டார்கள். பயத்தில் அவள் கை சத்தத்தைக் கூட்டிவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நெய்யக் கண்ணிலயே காட்டல்ல புள்ள."

எல்லோரும் ஆமினா உம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மூடி கமராவின் கண்ணுக்குப் போட்டது. காதுக்கு மூடி ஏது? இறைச்சி வேகாத கதை முழுவதும் ஓடியது. தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மொழிபெயர்த்தான். பிறகு கதவை அடிக்கும் சத்தம். பிறகு குணேஸ்வரியின் குரல், இவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று. கொன்ஸ்டபிள் சிரிப்பை விட்டுவிட்டு அதையும் மொழிபெயர்த்தான். கடைசியில் நிஸாவின் யா அல்லாஹ். அதோடு திரை வெளுத்துக் குரவை வந்தது.

பொறுப்பதிகாரி கதிரையை முன்னால் இழுத்தார். பின்னால் நின்றவர்களும் முன்னால் வந்தார்கள். பரீனாவின் தோழிகள் திரையில் சிரித்தார்கள். ஒருவன் மற்றவனின் காதில் ஏதோ சொன்னான்.

ஆமினா உம்மா எழுந்தாள். நேரே டீவிக்குப் போனாள். தோளில் கிடந்த சால்வையை உருவி, திரையின் இடது பாதியில் விரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் துணிக்குக் கீழே போனார்கள். பரீனா இருக்கும் பக்கம் எதுவென்று தாய்க்குத் தெரியும். ஒரு பொலிஸ்காரன் அவளை இழுக்க வந்தான். பொறுப்பதிகாரி கையைக் காட்டினார், நின்றான்.

மிஞ்சிய பாதித் திரையில் குடை வந்தது. துவாய் வந்தது. லைட் எரிந்தது. வெடிச்சத்தம் வந்தபோது அறையிலிருந்தவர்களும் ஒருகணம் அசைந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர்களுடைய ஆட்களும் செத்திருந்தார்கள். துவாய் நழுவி யோகலிங்கத்தின் முகம் வந்தது. உடனே அந்தக் குரல்.

"திரும்பப் போடு" என்றார் பொறுப்பதிகாரி. போட்டாள். "திரும்ப." போட்டாள். ஒவ்வொருதரமும் உம்மாவின் கை துணியை விடவில்லை. தோள் நோவெடுத்திருக்கும்.

"யார் சத்தம் போடுவது? என்ன சொல்கிறாள்?"

"இவதான் சேர். யோகா, தலையை மூடு என்று சொல்கிறா."

"குண்டு வெடிக்கிறது, அப்போது தலையை மூடச் சொன்னாளா?"

"ஓம் சேர். பெண்கள் முகத்தை அவன் பார்க்கக்கூடாது என்று."

அவர் டீவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மனுஷியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உம்மாவும் அவரைப் பார்த்தாள், பயமில்லாமல் இல்லை, பயத்தோடுதான். பிறகு அவர் முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு, "பொய் சொல்கிறவனுக்கு இப்படியொன்று தோன்றாது" என்று தன் பாட்டில் சொன்னார். முற்றத்துக்கு ஆளனுப்பினார்.

குணேஸ்வரி அங்கேயே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  

"அவனை விடுகிறேன். கசெட் இங்கே இருக்க வேண்டும். நீதவானுக்குக் காட்டாமல் விட்டால் என் தலைதான் போகும்" என்றார் பொறுப்பதிகாரி.

நிஸா அதைத் தமிழில் சொன்னபோது உம்மாவின் கை துணியோடு கீழே இறங்கியது. வீட்டிலிருந்து எடுத்து வந்த துணிவெல்லாம் போய், அவள் சட்டென்று கிழடாகிவிட்டாள். "இங்கயா? இவங்க எல்லாருக்கும் நடுவிலயா?"

நிஸா அவள் காதோடு சொன்னாள். "உம்மா, கேளுங்க. இந்தக் கமரா இல்லாம இந்தக் கசெட்ட ஒருத்தராலயும் பார்க்க ஏலாது. டீவிக்குப் போகாது, கம்பியூட்டருக்கும் போகாது. கமரா எங்களோட வருது. கசெட் இங்க வெறும் பிளாஸ்டிக்காக் கிடக்கும்."

"மெய்தானா?"

"மெய்தான்."

அது மெய்தான். நிஸா அதை முழு மனதோடு சொன்னாள். உம்மா நம்பினாள். குணேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் ஓட்டோவில் ஏறிக்கொண்டாள்.

நிஸா வயர்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"அதை விடு" என்றார் பொறுப்பதிகாரி. எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "கமராவும் இருக்கட்டும். அது இல்லாமல் நான் எதைக் கொண்டு நீதவானுக்குக் காட்டுவது?"

"சேர், அது என் தொழில் சேர்."

"வழக்கு முடிய வந்து எடுத்துக்கொள்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் நிஸாவுக்குப் பொறுக்கவில்லை. அநியாயமாயிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கெஞ்சினாள்; இரண்டுதரம் கெஞ்சினாள். மூன்றாந்தரம் கெஞ்சினால் வெளியே போனவனைத் திரும்பக் கூப்பிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். வெறும் கமராப் பையின் சிப்பை இழுத்து மூடித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் கமரா சுழலும் சத்தம் கேட்டது. யாரோ பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு குரவைச் சத்தம் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். ஆண்களும் சிரித்தார்கள்.

ஓட்டோவில் யோகலிங்கம் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். குணேஸ்வரி பின்னாலிருந்து அவனுடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கழுத்துப்பட்டியை விரல் நோகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிஸாவைக் கண்டதும் அவன் திரும்பி, "அக்கா" என்றான். அதற்குமேல் அவனால் கதைக்க ஏலவில்லை, உதடு கிழிந்திருந்தது.

நிஸா ஏறி உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டோ மண்மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு வீதிக்கு ஏறியது.  உம்மா நிஸாவின் முழங்காலில் கையை வைத்தாள்.

"இனி ஒருத்தரும் பார்க்கமாட்டாங்கதானே புள்ள?"

பத்து வருஷமாய் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இந்த ஒரே கேள்வியை நிஸாவிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருதரமும் அவள் பொய் சொன்னதில்லை. வெறும் பை நெளிந்து காட்டிக்கொடுத்துவிடாமல் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இல்ல உம்மா" என்றாள். "கமரா என்னட்டத்தானே இரிக்கி."